உள்ளூரில் உங்கள் படத்தின் முதல் காட்சி: தேதி குறிப்பதில் தொடங்கி ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப வாங்குவது வரை

படம் முடிந்துவிட்டது. மிக்ஸிங், கலர், சப்டைட்டில் எல்லாம் ஆயிற்று. கையில் இருந்த பணமும் அதோடு தீர்ந்திருக்கும். இனி ஊராருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். இரண்டு வருடம் ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்த்துச் செதுக்கியவர்கள், திரையிடலை இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள்.

நானும் அப்படி நினைத்தவன்தான். என் முதல் திரையிடலுக்கு 400 இருக்கை உள்ள அரங்கை எடுத்தேன். வந்தது 90 பேர். யோசித்துப் பார்த்தால் 90 பேர் ஒன்றும் குறைவில்லை. ஆனால் 400 நாற்காலிகளுக்கு நடுவே அந்த 90 பேரும் சிதறி உட்கார்ந்தார்கள். ஓர் ஓரத்தில் ஒருவர் சிரித்தால் அந்தச் சிரிப்பு அடுத்தவரிடம் போய்ச் சேர்வதற்குள் செத்துவிட்டது. இதே 90 பேர் 100 இருக்கை அரங்கில் இருந்திருந்தால் அன்று கிட்டத்தட்ட ஹவுஸ்ஃபுல். இந்த வழிகாட்டி முழுக்க அந்த மாலையில் நான் கற்றதுதான்: அரங்கைச் சிறிதாக்குங்கள், ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கி நடத்திய முதல் காட்சிக்கு வந்தவர்களே 33 பேர்தான். சில வாரங்களில் வாசலில் வரிசை நின்றது. அந்த 33 பேர் வெளியே போய்ப் பேசினார்கள், அவ்வளவுதான்.

எட்டு வாரம் முன்பு: இது எந்த ‘முதல்’ காட்சி?

எதற்காக இந்தத் திரையிடல் என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். நடித்தவர்களுக்கும் உதவியவர்களுக்கும் நன்றி சொல்லவா? உள்ளூர்ப் பத்திரிகைகளில் பேசவைக்கவா? விநியோகஸ்தர் ஒருவர் நிறைந்த அரங்கில் அமர்ந்து பார்க்கவா? செலவான பணத்தில் கொஞ்சமாவது திரும்ப எடுக்கவா? நான்கும் ஒரே மாலையில் நடக்காது. ஒன்றைப் பிடித்துக்கொண்டால் டிக்கெட்டா அழைப்பா, எந்த அரங்கு, யார் பேச வேண்டும் என்பதெல்லாம் தானாகவே முடிவாகிவிடும்.

அடுத்து, திரைப்பட விழாக்களுக்குப் படத்தை அனுப்பும் எண்ணம் இருந்தால் இங்கேயே நின்று யோசியுங்கள். கான், பெர்லின் போன்ற பெரிய விழாக்களின் முக்கியப் பிரிவுகள், வேறெங்கும் பொதுவில் காட்டப்படாத படத்துக்கே முன்னுரிமை கொடுக்கும். உலக முதல் காட்சி, சர்வதேச முதல் காட்சி, அந்நாட்டு முதல் காட்சி என்று இதில் பல அடுக்குகள் உண்டு. டிக்கெட் விற்று ஊரில் காட்டிவிட்டால் முதல் அடுக்கு கைநழுவிவிடும். குழுவினருக்கும் நண்பர்களுக்கும் மட்டும் அழைப்பின்பேரில் காட்டுவதைப் பல விழாக்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு விழாவின் விதியும் வேறு. நீங்கள் குறிவைக்கும் இரண்டு மூன்று விழாக்களின் விதிமுறைப் பக்கத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். தெளிவாக இல்லையா, மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும்.

உரிமை விஷயமும் இப்போதே. படத்தில் எங்கோ பின்னணியில் ஒலிக்கும் பாட்டுக்கு ‘விழாக்களுக்கு மட்டும்’ என்று உரிமை வாங்கியிருப்பீர்கள். டிக்கெட் போட்ட காட்சிக்கு அது செல்லாமல் போகலாம். பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவைப்படும் இடங்களில் அதற்கு ஆகும் காலத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சான்றிதழ் கையில் வராமல் தேதியை அறிவிக்காதீர்கள்.

அரங்கைப் பிடிப்பது

உறுதியாக வருவார்கள் என்று பெயர் சொல்லக்கூடியவர்களை எண்ணுங்கள். அந்த எண்ணுக்குக் கொஞ்சம் மேலே இருக்கை உள்ள அரங்கு போதும். 60 பேரைச் சொல்ல முடிகிறதா, 80 இருக்கை. மல்டிபிளெக்ஸ்களில் சிறிய ஸ்கிரீன்கள் இருக்கும், அதைக் கேளுங்கள். நிறைந்துவிட்டால் இரண்டாவது காட்சி போடலாம். ‘டிக்கெட் கிடைக்கவில்லை’ என்று நாலு பேர் புலம்புவதைவிட நல்ல விளம்பரத்தைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

தியேட்டருடன் பேசும்போது இரண்டு வழி உண்டு. மொத்தமாக வாடகை கொடுத்து அரங்கை எடுப்பது ஒன்று. வசூலில் பங்கு பிரித்துக்கொள்வது மற்றொன்று. அழைப்புக் காட்சிக்கு வாடகைதான் சுத்தம். கூட்டம் குறைவான வார நாள் மாலையைக் கேட்டால் வாடகையும் இறங்கும், மேலாளரும் பொறுமையாகப் பேசுவார். எதுவானாலும் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: அரங்கு உங்கள் கையில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, படத்துக்குப் பின் கேள்வி-பதிலுக்கு எவ்வளவு நேரம், மைக் எத்தனை, சோதனை ஓட்டத்துக்கு எந்த நாள், வாசலில் போஸ்டர் வைக்கலாமா, இடைவேளை விடுவார்களா. கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நீங்கள் சொல்லாவிட்டால், உங்கள் படத்தின் மிக அமைதியான காட்சியின் நடுவில் விளக்கு எரியும்.

தியேட்டர் கட்டுப்படியாகவில்லையா, நூலக அரங்கு, கல்லூரி அரங்கு, நாடக மேடை எதுவும் தாங்கும். போனதும் புரொஜெக்டரைப் பார்க்காதீர்கள், ஜன்னலைப் பாருங்கள். 4 மீட்டர் அகலத் திரையை சினிமா அரங்கின் தர வெளிச்சத்துக்குக் கொண்டுவர, முழு இருட்டில், 1,500 லூமென்கூடத் (புரொஜெக்டர் தரும் ஒளியின் அளவு) தேவைப்படாது. சாதாரண அலுவலகப் புரொஜெக்டரே அதைத் தரும். ஆனால் திரைச்சீலை வழியே தெருவிளக்கு கசிந்தால் 5,000 லூமென் வைத்தாலும் உங்கள் இரவுக் காட்சிகள் சாம்பல் நிறத்தில்தான் தெரியும். அப்புறம், தரை சமதளமாக இருந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். முன்னால் இருப்பவரின் தலை சப்டைட்டிலை மறைத்தால் திரையை மேலே ஏற்ற முடியுமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

தேதி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய நட்சத்திரப் படம் வெளியாகும் வாரம், தேர்வுக் காலம், விளையாட்டு இறுதிப்போட்டி நாள் மூன்றையும் தவிருங்கள். முக்கிய நடிகர்கள் வர முடியுமா என்று கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

ஆறு வாரம் முன்பு: பெயர்ப்பட்டியல்

சமூக ஊடகத்தில் ஒரு போஸ்டரைப் போட்டதும் நூறு பேர் இதயம் அனுப்புவார்கள். அந்த இதயத்துக்கும் இருக்கைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இருக்கையில் வந்து உட்காருபவர், யாரோ ஒருவர் தன்னைத் தனியாக அழைத்ததால் வருகிறார். அதனால் முதல் வேலை ஓர் எக்செல் தாள். நான்கு பத்தி போதும்: பெயர், யார் அழைப்பது, என்ன பதில், எத்தனை பேர்.

பட்டியலில் முதலில் குழுவினரும் அவர்கள் குடும்பமும். லைட்மேன், ஒப்பனை உதவியாளர், ஒரே ஒரு காட்சியில் கதவைத் திறந்துவிட்ட பாட்டி, யாரையும் விடாதீர்கள். அந்தப் பாட்டி பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வருவார், விமர்சகர் தனியாக வருவார். அடுத்து, படப்பிடிப்புக்கு வீட்டையும் கடையையும் தெருவையும் கொடுத்தவர்கள். திரையில் தன் வீட்டுத் திண்ணையைப் பார்க்க வராதவர் யார்?

மூன்றாவது வட்டம் படத்தின் பொருளோடு சம்பந்தப்பட்டவர்கள். பெரும்பாலானவர்கள் மறப்பது இதைத்தான். படம் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையைப் பற்றியதா? ஆசிரியர் சங்கம், ஓய்வூதியர் சங்கம், வாசகர் வட்டம். நீச்சல் பழகும் சிறுமியைப் பற்றியதா? நீச்சல் குளங்களும் பயிற்சியாளர்களும். ‘சினிமா ஆர்வலர்கள்’ என்று பொதுவாகத் தேடுவதைவிட, இந்தக் கதை யாருடைய கதை என்று தேடினால் ஆள் கிடைப்பார்கள். சங்கத் தலைவருக்கு நான்கு இருக்கை ஒதுக்கி, படம் முடிந்ததும் இரண்டு நிமிடம் பேசக் கேளுங்கள். மீதி ஆட்களை அவரே கொண்டுவந்துவிடுவார்.

அழைப்பை எப்படி எழுதுவது? ‘அனைவரும் வருக’ என்று ஆரம்பிக்கும் செய்தியை யாரும் தன்னை அழைத்ததாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருவருக்கு ஒரு செய்தி, இப்படி:

“அக்கா, உங்கள் மாடியில் எடுத்தோமே, அந்த மழைக் காட்சி, படத்தில் நன்றாக வந்திருக்கிறது. 14-ஆம் தேதி வியாழன் மாலை ஆறரைக்குப் போடுகிறோம். படம் 1 மணி 34 நிமிடம். உங்களுக்கும் அண்ணனுக்கும் இரண்டு இருக்கை எடுத்து வைக்கட்டுமா? ஞாயிறுக்குள் சொன்னால் போதும்.”

எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டால் ஆம், இல்லை என்று ஏதாவது ஒரு பதில் வரும். ‘முடிந்தால் வாருங்கள்’ என்று எழுதினால் ‘கண்டிப்பாக’ என்று பதில் வரும். ஆள் வர மாட்டார். படத்தின் நீளத்தைச் சொல்வதும் அவசியம். திரும்பிப் போகும் கடைசிப் பேருந்தைக் கணக்குப் போடுபவர்கள் நிறைய.

இலவசமா கட்டணமா என்பது எப்போதும் வரும் சண்டை. இலவசமாகப் பதிவு செய்பவர்களில் கணிசமானோர் அன்று மழை தூறினாலே வர மாட்டார்கள். சின்னத் தொகையாவது வாங்கினால் வருவார்கள் என்பது என் அனுபவம். குழுவினருக்கும் இடம் கொடுத்தவர்களுக்கும் பாஸ், மற்றவர்களுக்கு டிக்கெட் என்று பிரிப்பது நல்லது. முற்றிலும் இலவசம் என்றால், இருக்கை எண்ணிக்கையைவிடச் சற்று அதிகமாகவே பதிவு வாங்குங்கள். முந்தின நாள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உறுதிசெய்யுங்கள்.

நான்கு வாரம் முன்பு: போஸ்டர், டிரெய்லர், பத்திரிகை

போஸ்டரில் பெயர் வரிசைக்காகச் சண்டை போட்டு, தேதியைக் கீழே எறும்பு அளவில் போடுவார்கள். இந்தப் போஸ்டரின் ஒரே வேலை எங்கே, எப்போது, எப்படி டிக்கெட் என்று சொல்வது. பத்தடி தள்ளி நின்று பாருங்கள். தேதி படிக்க முடியாவிட்டால் மாற்றுங்கள். 1896-இல் லூமியேர் காட்சிக்கு வரைந்த ஒரு போஸ்டரில் திரையில் ஓடும் படம் ஒரு பக்கம். அதைப் பார்த்துச் சிரிக்கும் ஜனங்கள் முன்னால், பெரிதாக. ‘இங்கே வந்தால் நீயும் இப்படிச் சிரிப்பாய்’ என்பதை ஒரு வார்த்தைகூட இல்லாமல் சொல்லிவிட்டார்கள். அச்சிட்டதை மக்கள் நடந்துபோகும் சுவரில் ஒட்டாமல், நிற்கும் இடத்தில் ஒட்டுங்கள்: பேருந்து நிறுத்தம், சலூன், மருந்துக்கடை, நூலக வாசல். கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.

டிரெய்லர் இரண்டு நிமிடத்துக்குள். வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்குத் தனியாக முப்பது விநாடி வெட்டு ஒன்று, நிமிர்ந்த வடிவத்தில், ஒலி இல்லாமலே புரிகிற மாதிரி எழுத்தோடு. கடைசி மூன்று விநாடி தேதியும் இடமும்.

பத்திரிகையாளரிடம் போகும்போது ஒன்றை ஒப்புக்கொண்டு போங்கள்: ஒரு சுயாதீனப் படம் திரையிடப்படுகிறது என்பது செய்தியே அல்ல. படம் உருவான விதத்தில் ஏதாவது ஒன்று செய்தியாக இருக்கும். முழுப் படத்திலும் நடித்தவர்கள் ஒரே தெருக்காரர்களா? படம் எடுக்கும் நடுவில் அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டதா? ஒலிப்பதிவு செய்தவர் பகலில் பேருந்து நடத்துநரா? அதை முதல் வாக்கியத்தில் வையுங்கள். பத்திரிகைக்குக் கொடுக்கும் பிரஸ் கிட்டில் ஐம்பது சொல்லில் கதைச்சுருக்கம், ஒரு பக்கக் குறிப்பு, எழுத்து எதுவும் பொறிக்காத நான்கு ஸ்டில்ஸ் (படக் காட்சிகளின் புகைப்படங்கள்), இயக்குநரின் படம், உடனே எடுக்கப்படும் ஒரு கைபேசி எண், இவை இருந்தால் போதும். ஸ்டில்ஸ் என்றதும் படத்திலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அச்சில் அது களிம்பு பூசியது மாதிரி வரும். படப்பிடிப்பில் ஸ்டில் கேமரா வைத்து எடுத்திருந்தால் அதன் அருமை இப்போது தெரியும்.

மாத இதழ்களுக்கு மட்டும் இதற்கும் முன்னால், பெயர்ப்பட்டியல் போடும் ஆறாவது வாரத்திலேயே போக வேண்டும், நாளிதழுக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். அனுப்பி மூன்று நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். நான்காவது முறை கூப்பிட்டால் உங்கள் எண்ணைச் சேமித்துவைப்பார்கள், எடுக்காமல் இருப்பதற்காக.

இரண்டு வாரம் முன்பு: டிசிபி

தியேட்டரில் படத்தை ஓட்டும் கணினியான சர்வருக்குப் போகும் கோப்புத் தொகுப்பின் பெயர் டிசிபி. 2002-இல் ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து அமைத்த டிசிஐ என்ற கூட்டமைப்பு, 2005-இல் இதற்கான விதிகளை வெளியிட்டது. இன்று உலகெங்கும் பெரும்பாலான தியேட்டர்கள் இதைத்தான் ஓட்டுகின்றன. லேபில் செய்து வாங்கலாம். பொறுமை இருந்தால் டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே செய்யலாம். எப்படிச் செய்தாலும் கவனிக்க வேண்டியவை சில.

வேகம்: விநாடிக்கு 24 ஃபிரேம் எங்கும் ஓடும். 23.976-இல் எடுத்திருந்தால் 24-க்கு மாற்றும்போது இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய ஏழு விநாடி வித்தியாசம் வரும். ஒலியின் வேகத்தையும் அதே அளவு மாற்றாவிட்டால் கடைசிக் காட்சியில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.

வடிவம்: தியேட்டரில் ஃபிளாட், அதைவிட அகலமான ஸ்கோப் என்று இரண்டு திரை வடிவம் உண்டு. 2கே தெளிவில் ஃபிளாட் 1998×1080 புள்ளிகள், ஸ்கோப் 2048×858. 16:9-இல் எடுத்த படத்தை ஃபிளாட்டில் வையுங்கள். இருபுறமும் மெல்லிய கறுப்பு வரும், யாருக்கும் தெரியாது.

சப்டைட்டில்: தனிக் கோப்பாகக் கொடுத்தால் சில சர்வர்களில் தமிழ் போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். படத்தின் மீதே பதித்துவிடுவது பாதுகாப்பு.

பூட்டு: டிசிபியைப் பூட்டினால், திறக்கும் சாவியான கேடிஎம் குறிப்பிட்ட சர்வருக்கும் குறிப்பிட்ட நேரத்துக்கும் மட்டுமே செல்லும். காட்சி ஒரு மணி நேரம் தள்ளிப்போய், சாவி காலாவதியாகிவிட்டால் அரங்கு நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒரே ஒரு உள்ளூர்க் காட்சிக்குப் பூட்டாமல் கொடுங்கள் என்பேன்.

100 நிமிடப் படம் உச்ச விகிதமான நொடிக்கு 250 மெகாபிட்டில் 187 ஜிபி வரை வரும். அது சர்வரில் ஏறவே நெடுநேரம் ஆகும். ஹார்ட் டிஸ்க்கை எந்த ஃபார்மட்டில் கேட்கிறார்கள் என்று ஆபரேட்டரிடமே கேளுங்கள். மேலாளரிடம் கேட்டால் ‘எதுவானாலும் ஓடும்’ என்பார். ஒரு வாரம் முன்பே கொண்டுபோய்க் கொடுங்கள். இன்னொரு டிஸ்க்கில் ஒரு நகல் உங்கள் பையில் இருக்கட்டும்.

சோதனை ஓட்டம்

இதற்கு மட்டும் சமரசமே வேண்டாம். அதே அரங்கு, அதே சர்வர், ஆபரேட்டர் பக்கத்தில்.

முதல் பத்து நிமிடம் நடு இருக்கையில் உட்காருங்கள். பிறகு எழுந்து கடைசி வரிசை மூலைக்குப் போங்கள், அங்கிருந்து முன்வரிசை ஓரத்துக்கு. வசனம் கேட்கிறதா? இரவுக் காட்சியில் முகம் தெரிகிறதா? எடிட் செய்த மானிட்டரைப் பெரும்பாலும் 100 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சத்தில் வைத்திருப்போம். தியேட்டர் திரையின் தரமே 48 நிட்தான், விளக்கு பழசானால் அதற்கும் கீழே. வீட்டில் பளிச்சென்று தெரிந்த நிழல் இங்கே கறுப்புக்குள் போய்விடும். படத்தின் நிறத்தைச் சரிசெய்த கலரிஸ்ட் அதைத் தியேட்டருக்காகச் செய்யவில்லை என்றால், மாற்ற இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

ஒலி அளவுக்கு வாருங்கள். தியேட்டர் ஒலிக் கருவியில் 7 என்ற எண்தான் மிக்ஸிங் அரங்குகள் ஒட்டிப்போகும் தர அளவு. பல தியேட்டர்கள் சத்தம் அதிகம் என்ற புகாருக்குப் பயந்து 5, 5.5 என்று இறக்கி வைத்திருக்கும். உங்கள் படத்தின் மிக மெல்லிய வசனத்தையும் மிகப் பெரிய சத்தத்தையும் போட்டுப் பார்த்து ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அரங்கு நிறையும்போது உடல்களும் உடைகளும் ஒலியை உறிஞ்சும், அதனால் காலி அரங்கில் சரியாக இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். அந்த எண்ணைத் தாளில் எழுதி ஆபரேட்டர் அறைச் சுவரில் ஒட்டுங்கள். காட்சியன்று வேறொருவர் பணியில் இருந்தாலும் தாள் அங்கேயே இருக்கும்.

கடைசி நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள். விளக்கு எப்போது எரிய வேண்டும் என்று சொல்லுங்கள்: பெயர்கள் ஓடி முடிந்த பிறகு. அந்தப் பெயர்களைப் பார்க்கத்தான் பாதி அரங்கு வந்திருக்கிறது.

தியேட்டர் அல்லாத இடத்தில் லேப்டாப்பிலிருந்து ஓட்டுவதானால் வைஃபையை அணையுங்கள், அறிவிப்புகளை நிறுத்துங்கள், ஸ்லீப் மோடை நிறுத்துங்கள், சார்ஜரைச் செருகுங்கள். உணர்ச்சிகரமான காட்சியின்மேல் ‘அம்மா: சாப்பிட்டியா?’ என்று திரையின் மூலையில் எழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றைய பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

அன்று மாலை

ஆறரைக் காட்சி என்றால் நீங்கள் நான்கு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஒரு நிமிடம் படத்தை ஓட்டிப் பார்த்து, மைக்கில் பேசிப் பார்த்து, ஒதுக்கிய இருக்கைகளில் பெயர் ஒட்டுங்கள். ஐந்தே முக்காலுக்குக் கதவு. வாசலில் பட்டியலோடு நிற்பவர் முகம் தெரிந்து வரவேற்பவராக இருக்கட்டும். தயாரிப்பு மேலாளர் பொருத்தம், இயக்குநர் வேண்டாம். இயக்குநர் வாசலில் நின்றால் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பேசுவார்கள், வரிசை தெருவுக்குப் போய்விடும்.

பத்து நிமிடத் தாமதம் போதும். படத்துக்கு முன் பேச்சு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. நன்றி சொல்வதைப் படத்துக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். படம் எப்படிப் பிறந்தது என்று முன்னாலேயே விளக்குவது, ஜோக்கை விளக்கிவிட்டு அப்புறம் அதைச் சொல்வது போல. காலி இருக்கை இருந்தால் விளக்கு அணையும் முன் ஓரத்தில் உள்ளவர்களை நடுவுக்கு அழையுங்கள்.

கேள்வி-பதில் இருபது நிமிடம். படம் முடிந்ததும் ‘ஏதாவது கேள்வி?’ என்றால் நீண்ட அமைதிதான் வரும். எல்லோரும் இன்னும் படத்துக்குள் இருக்கிறார்கள். அதனால் நடத்துபவர் முதல் இரண்டு கேள்வியைத் தானே கேட்க வேண்டும். மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் சொந்தக் கதையைச் சொல்லத் தொடங்குபவர் எல்லா ஊரிலும் ஒருவர் உண்டு. மைக்கை அவர் கையில் கொடுக்காமல், தன்னார்வலர் பிடித்துக்கொண்டே நிற்பதுதான் இதற்கு மருந்து.

வெளியே போகும் வழியில் ஒரு மேசை, ஒரு நோட்டு: பெயர், எண், ‘இந்தப் படத்தை வேறு எங்கே காட்டலாம்?’ கியூஆர் குறியீடும் வைக்கலாம். ஆனால் நோட்டில்தான் அதிகம் எழுதுகிறார்கள். ‘எங்கள் கல்லூரிக்கு வாருங்கள்’ என்ற வரி அப்படித்தான் வரும்.

மறுநாள்

நிறைந்த அரங்கின் புகைப்படங்களை காலையிலேயே பத்திரிகைகளுக்கு அனுப்புங்கள். மேடையிலிருந்து பார்வையாளர்களை எடுத்த படம் கட்டாயம் அதில் இருக்கட்டும். நோட்டில் எழுதியவர்களை அந்த வாரத்துக்குள் கூப்பிடுங்கள், பத்து நாள் ஆனால் மறந்திருப்பார்கள். எத்தனை அழைப்புக்கு எத்தனை பேர் வந்தார்கள், யார் அழைத்தவர்கள் அதிகம் வந்தார்கள் என்று அந்த எக்செல் தாளில் குறித்துவைத்தால், அடுத்த ஊரில் எத்தனை இருக்கை அரங்கு எடுக்கலாம் என்று அதுவே சொல்லும்.

தியேட்டர் கணக்கை முடிக்கும்போது ஆபரேட்டரையும் போய்ப் பாருங்கள். ஒலி அளவைச் சொன்னபடி வைத்ததற்கு நன்றி சொல்லி, சர்வரில் உள்ள நகலை அழிக்கச் சொல்லிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.